குடியிருப்போரும் வந்துபோவோரும்: நம் வீட்டுப் புகைப்படங்களில் ஒரு பம்பாய் வரலாறு

மலருக்காகப் பழைய புகைப்படங்கள் திரட்டித் தரும் பொறுப்பை மலர்க்குழு என்னிடம் ஒப்படைத்தபோது, சங்க விழாப் படங்கள் நிறைய வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். மேடை, மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி முன் ஒரு பெரியவர் என்று. வந்தவை வேறு. பிஸ்கட் டின்னிலும், கல்யாணப் பத்திரிகை உறையிலும், பழைய புடவைத் துண்டிலும் சுற்றிக்கொண்டு அன்பர்கள் தங்கள் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் தொழில்முறைக் கலைஞர் எடுத்தவை அல்ல. அப்பா, சித்தப்பா, பக்கத்து அறை வாலிபர் என்று கேமரா கையில் கிடைத்தவர்கள் எடுத்தவை. பாதிப் படங்களில் தலை வெட்டுப்பட்டிருக்கும். மீதியில் அடிவானம் சாய்ந்திருக்கும்.

தாராவியிலிருந்து வந்த எண்பது வயது அண்ணாச்சி ஒருவர் கவரை மேஜையில் வைத்துவிட்டுத் தயங்கியபடியே கேட்டார்: "இதுல என்ன சரித்திரம் இருக்கு தம்பி? எங்க வீட்டுப் பிள்ளையோ மூக்கொழுகிட்டு நிக்கிற படம்லா இது!"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இந்தக் கட்டுரை, அவருக்குக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும் பதில்.

பம்பாயும் கேமராவும்

பிரான்ஸில் டாகேர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839-ல். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் அந்தக் கருவி விற்பனைக்கு விளம்பரம் வந்துவிட்டது. ஆனால் புகைப்படக்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்ததில் முந்திக்கொண்டது நம் பம்பாய்தான். பம்பாய் போட்டோகிராபிக் சொசைட்டி 1854-ல் தொடங்கியது. கல்கத்தாவும் சென்னையும் 1856-ல்தான் தங்கள் சங்கங்களைக் கண்டன. உறுப்பினர் பலர் வெள்ளைக்கார அதிகாரிகள், மருத்துவர்கள், வணிகர்கள். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காகப் படம் பிடித்தவர்களே அதிகம். அவர்களோடு டாக்டர் பாவ் தாஜியும் அவர் தம்பி டாக்டர் நாராயண் தாஜியும் இருந்தார்கள். மாட்டுங்கா பாவ்தாஜி ரோட்டில் வீடு வைத்திருந்த, வைத்திருக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். நாம் தினமும் காய்கறிப் பையோடு நடக்கிற ரோட்டின் பெயருக்குரியவர், இந்நாட்டின் முதல் தலைமுறை அமெச்சூர் புகைப்படக்காரர்களோடு ஒரே சங்கத்தில் அமர்ந்தவர்.

அந்தச் சங்கத்தின் ஆதரவில் 1856 முதல் ஒரு வெளியீடு வந்தது. 'இந்திய அமெச்சூர்களின் புகைப்பட ஆல்பம்' என்பது அதன் பெயரின் பொருள். அச்சில் படம் போடும் வசதி இல்லாத காலம் அது. அசல் புகைப்படங்களையே தாளில் ஒட்டி இதழ் இதழாகக் கொடுத்தார்கள். அதை நடத்தியவர்கள் வில்லியம் ஜான்சன், வில்லியம் ஹெண்டர்சன் என்ற இருவர். இவர்களில் ஜான்சன் பின்னர் 1863-லும் 1866-லும் இரண்டு தொகுதிகளாக ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் நீளமான ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பம்பாயில் குடியிருப்போரும் வந்துபோவோருமான கீழைநாட்டு இனங்களும் குலங்களும்' என்று வரும்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பல படங்களில் நிற்கும் மனிதர்கள் அந்த இடத்தில் நின்றவர்களே அல்ல. ஆட்களைத் தனியாகப் படம் பிடித்து, வெட்டி, வேறொரு காட்சியின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். கோவிலும் கடற்கரையும் பின்னணியாக வந்தன. ஆட்கள் மேலே ஒட்டப்பட்டார்கள்.

குடியிருப்போர், வந்துபோவோர். இந்த இரண்டு சொற்களும் சில நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று தலைமுறையாக இந்த நகரத்தில் வாழும் நாம் இந்த இரண்டில் எந்தப் பட்டியலில் வருவோம்? இல்லை, பின்னணிமேல் ஒட்டப்பட்டவர்கள்தானா?

கீழே எழுதியவர் யார்?

இதே காலத்தில் இன்னொரு பெரிய தொகுப்பும் உருவாயிற்று. கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவும் அவர் மனைவியும் இந்தியாவின் நினைவாக மக்கள் படங்களைச் சேர்க்க விரும்பினார்கள். ஆங்காங்கே இருந்த அதிகாரிகள், புகைப்பட ஆசை உள்ளவர்கள், எடுத்து அனுப்பினார்கள். சொந்த ஆசையாகத் தொடங்கியது, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்க வேலையாகிவிட்டது. 1868 முதல் 1875 வரை 'இந்தியாவின் மக்கள்' என்ற பெயரில் 8 தொகுதிகளாக, நானூற்றுக்கும் மேற்பட்ட படங்களோடு லண்டனில் வெளிவந்தது. படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இராது. சாதி இருக்கும், குணம் இருக்கும். இவர்கள் நம்பத்தகுந்தவர்கள், அவர்கள் திருடர்கள் என்கிற தோரணையில் வருணனை இருக்கும்.

சர் சையத் அகமத் கான் 1869-ல் லண்டனில் இந்தியா ஆபீஸில் இந்தத் தொகுப்பைப் பார்த்து மனம் நொந்தார். தம் மகன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நடந்ததையும் எழுதியிருக்கிறார். இளம் ஆங்கிலேயர் ஒருவர் வந்து, நீ இந்துஸ்தானியா என்று கேட்டாராம். மகன் ஆமாம் என்றான். ஆனால் முகம் சிவந்துபோய், நாங்கள் இந்தப் படத்தில் இருப்பவர்களைப் போன்றவர்கள் அல்ல, எங்கள் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாக விளக்கம் சொன்னானாம்.

ஒரு புகைப்படத் தொகுப்பு ஒரு மனிதனை இப்படியும் செய்யும். சொந்த நாட்டிலேயே தன்னை வந்துபோகிறவன் என்று சொல்லிக்கொள்ள வைக்கும். குற்றம் படத்தில் இல்லை. கீழே யார் எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

நிழலாக வந்த அப்பா

ஆசைக்காரர்களின் கேமரா சாமானியர் கைக்கு வந்தது கோடாக் கம்பெனியால். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மீதி எங்கள் பொறுப்பு என்று 1888-ல் அவர்கள் விற்கத் தொடங்கினார்கள். 1900-ல் ஒரு டாலர் விலையில் பிரவுனி என்ற அட்டைப் பெட்டிக் கேமரா வந்தது. அதன் வாரிசுகளைத்தான் நம்மவர்கள் 'பாக்ஸ் கேமரா' என்றார்கள். ஒரு ரோலில் எட்டே படம். பிறகு பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 வந்து அதைப் பன்னிரண்டு ஆக்கியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிலிம் கிடைப்பதே பெரும்பாடு. 1967-ல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தி தொடங்கியபின் 'இந்து' பிலிம் கிடைத்தது. நம்மூர் மலையில் செய்த பிலிமில் பம்பாயைப் பிடித்தோம் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தத் தொழிற்சாலை பின்னாளில் நலிந்து மூடப்பட்டது.

எட்டு, பன்னிரண்டு என்ற கணக்கை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஒரு ரோல் தீபாவளிக்குத் தொடங்கி மே மாத ஊர்ப்பயணம் வரை வரும். கழுவி பிரிண்ட் போட்டு வாங்கும்போதுதான் என்ன எடுத்தோம் என்பதே நினைவு வரும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு யோசனை இருந்தது: இது ஒரு பிலிமுக்குத் தகுமா?

அந்தக் கேமராக்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஆகவே சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுக்க வேண்டும் என்பது பாலபாடம். விளைவு இரண்டு. ஒன்று, எதிரே நிற்பவர் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். நம் தாத்தா பாட்டிமார் எல்லாரும் கோபக்காரர்கள் என்று பேரன்கள் நினைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த வெயில்தான். இரண்டாவது, காலையிலோ மாலையிலோ எடுத்தால் படம் எடுப்பவரின் நிழல் நீண்டு போய்ப் படத்துக்குள் விழும்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பா இருக்கும் படம் இரண்டே இரண்டு. கேமரா அவர் கையில் இருந்ததே காரணம். அப்பா காலமானபின், பத்திரிகையில் போடப் படம் தேடியபோதுதான் இது உறைத்தது. பிறகு பொறுமையாகப் பார்த்தேன். எங்கள் ஐவரையும் வரிசையாக நிறுத்தி எடுத்த படங்களில், காலடியில் ஒரு தலை, இரண்டு தோள், மடக்கிய முழங்கை. அத்தனை வருஷமும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். நாங்கள்தான் நிழலைக் குறை என்று நினைத்துத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேட்வேயிலிருந்து மொட்டைமாடிக்கு

வந்து சேர்ந்த முந்நூற்றுச் சொச்சம் படங்களையும் தரையில் பரப்பிக் கால வரிசைப்படுத்தியபோது ஒன்று கண்ணில் பட்டது. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் எடுத்த படங்களில் நம்மவர்கள் எங்கே நிற்கிறார்கள்? 1924-ல் திறந்த கேட்வே ஆஃப் இந்தியா முன்னால். சௌபாத்தி மணலில். ராணி பாக்கில். வி.டி. ஸ்டேஷன் வாசலில். பிறகு கமலா நேரு பார்க் வந்ததும், அந்தப் பெரிய பூட்ஸ் வீட்டின் ஜன்னலில் குழந்தைகள். சட்டை இஸ்திரி போட்டது, சேலை பட்டு. இவை தங்களுக்காக எடுத்தவை அல்ல. ஊருக்கு அனுப்ப எடுத்தவை. பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது: "அம்மாவுக்கு. நான் சௌக்கியம். இளைத்திருப்பதாக நினைக்க வேண்டாம்." பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்த பையன், கேட்வே முன்னால் கைகட்டி நிற்கிறான். அவனும் ஒருவகையில் பின்னணிமேல் தன்னை ஒட்டிக்கொண்டவன்தான்.

அறுபதுகளுக்குள் வரும்போது பின்னணி மாறுகிறது. சாலின் பொது வராந்தா. தண்ணீர்க் குழாய் முன் வரிசையாகக் குடங்கள். கணபதி பூஜைக்குப் பக்கத்து வீட்டு மராட்டியப் பிள்ளைகளோடு நிற்கும் நம் பிள்ளைகள். மொட்டைமாடியில் காயும் வடாம். வந்துபோகிறவன் கேட்வேயைப் படம் பிடிப்பான். குடியிருப்பவன்தான் வடாத்தைப் படம் பிடிப்பான். அந்த மாற்றம் எந்த ஆண்டு, எந்தத் தேதியில் நடந்தது என்று எந்த மக்கள்தொகைக் கணக்கும் சொல்லாது. படங்கள் சொல்கின்றன.

எடுத்தவர் நினைக்காததையும் அவை சொல்கின்றன. தாதர் டி.டி. அருகே மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குழந்தை. அப்பா எடுத்தது குழந்தையை. பின்னால், பாதி வெட்டுப்பட்டு, ஒரு டிராம். 1907-ல் ஓடத் தொடங்கிய பம்பாய் மின்சார டிராம் 1964 மார்ச் 31-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. டி.டி. என்பது டிராம் டெர்மினஸ் என்பதே இன்று பலருக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் இருக்கிறான். அவன் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தாத்தா, பின்னாடி என்ன வண்டி?"

நான் செய்த தவறு

வடாம் படத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வரிசையில் ஏழெட்டுப் படங்கள், எல்லாம் மாட்டுங்காவில் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. மாடியில் வடாம், கிணற்றடியில் பாத்திரம், ஜன்னலோரத்தில் வீணையோடு ஒரு பெண். கையெழுத்துப் பிரதியில், படம் எடுத்தவர் என்ற இடத்தில் அந்த வீட்டுப் பெரியவர் பெயரை எழுதிவிட்டேன். கேமரா அவருடையது, வேறென்ன யோசிக்க இருக்கிறது? சரிபார்க்க அவர் மனைவியிடம் காட்டினேன். மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அதெல்லாம் நான் எடுத்ததாக்கும்! வடாம் காயற நேரத்துல அவர் ஆபீஸ்னா இருப்பார்? மாடிக்கு அவர் எப்போ வந்தார்?"

"நீங்க யார்கிட்டேயும் சொன்னதில்லையா மாமி?"

"யாரு கேட்டா?"

ஐம்பது வருஷமாக அந்தக் குடும்பத்திலேயே எல்லாரும் அவர் எடுத்ததாகத்தான் நினைத்திருக்கிறார்கள். 'இந்தியாவின் மக்கள்' தொகுப்பின் மேல் கோபப்பட்டேனே, நானும் கேட்காமல்தான் கீழே எழுதினேன். வடாம் வெயிலை, காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் உள்ள வித்தியாசத்தோடு, வேறு யார் படம் பிடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

படம் இல்லாத ஆண்டுகள்

இனி சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். 1960களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக ஒரு கிளர்ச்சி எழுந்தது. கடைகளும் ஹோட்டல்களும் கல்லடி பட்டன. வந்த படங்களில் அந்தக் காலத்தைத் தேடினேன். பிறந்தநாள் இருக்கிறது, உபநயனம் இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது. கல்லடி பட்ட ஒரு கண்ணாடிகூட இல்லை. ஒரு பலசரக்குக் கடையின் இரண்டு படங்கள் மட்டும் கிடைத்தன. 1965-ல் எடுத்ததில் பெயர்ப்பலகையில் தமிழும் ஆங்கிலமும். சில ஆண்டு கழித்து எடுத்ததில் தேவநாகரி எழுத்து மட்டும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கடைக்காரரின் மகனைக் கேட்டேன். "அந்த வருஷம் யாருங்க படம் பிடிச்சா?" என்றார். அவ்வளவுதான்.

பயத்தை நாம் படம் பிடிப்பதில்லை. ஆசைக்குப் படம் பிடிக்கிறவர்களின் ஆல்பத்தில் இது நிரந்தரக் குறை. சிரிப்பும் பட்டுச்சேலையும் மட்டும் மிஞ்சும். ஆல்பத்தை மட்டும் நம்பினால் நம் வாழ்க்கையில் துக்கமே நடக்கவில்லை என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக ஒரே ஒரு படம் உண்டு. ஆனால் அதைப் பார்த்தால் தெரியாது. 1964-ல் எடுத்தது. பக்கத்து அறை மராட்டிய அம்மா, நாங்கள் மாவ்ஷி என்று கூப்பிட்டவர், என் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறார். பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். மூன்று நான்கு ஆண்டு கழித்து, தெருவில் கூச்சல் எழுந்த ஒரு மாலையில், அப்பா வேலையிலிருந்து திரும்பாத நேரத்தில், அம்மாவையும் எங்களையும் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தவர் இவர். யாரோ கேட்டதற்கு, இங்கே எங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்று மராட்டியில் பதில் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன். நாங்கள் குடியிருப்போரா, வந்துபோவோரா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து கிடைத்த முதல் பதில் அதுதான். படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று அதில் எழுதிவைத்தேன்.

மங்குவதும் மூழ்குவதும்

பழைய கறுப்பு வெள்ளைப் படம் அழியும், புதிய கலர் படம் நிற்கும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. சரியாகக் கழுவியிருந்தால் நூறாண்டு நிற்கும். கலர் படம் சாயத்தால் ஆனது. எழுபது, எண்பதுகளில் போட்ட பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலே மங்கும். மிஞ்சுவது சிவப்பு. அதனால்தான் அக்காவின் கல்யாணத்தில் எல்லாருமே மருதாணியில் குளித்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் நாகரிகமாக வாங்கிய, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் ஆல்பத்தின் பசை வேறு படத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை.

பிறகு, 2005 ஜூலை 26. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நம் அங்கத்தினர் பலர் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மனுப்போட்டு நகல் வாங்கினார்கள். ஆல்பத்துக்கு எங்கே மனுப்போடுவது? காலாவில் ஓர் அன்பர் அதற்கு ஒரு வழி கண்டார். ஊருக்குப் போய், சித்தி, பெரியப்பா வீடுகளில் சுவரிலும் பெட்டியிலும் தேடினார். அவர் அப்பா அந்த நாளில் "நான் சௌக்கியம்" என்று எழுதி அனுப்பிய படங்கள் அங்கே பத்திரமாக இருந்தன. ஊருக்காக எடுத்த படங்களை ஊர் திருப்பிக் கொடுத்தது.

கடைசியாக ஒரு படம்

தாராவி அண்ணாச்சியின் கவருக்கு வருகிறேன். எல்லாப் படத்தையும் காட்டிவிட்டு ஒன்றை மட்டும் கவருக்குள்ளேயே திணித்தார். கேட்டதற்கு, "அது கெட்டுப்போன படம், வேண்டாம்" என்றார். வற்புறுத்தி வாங்கிப் பார்த்தேன்.

பாக்ஸ் கேமராவில் பிலிமைச் சுற்ற மறந்துவிட்டால் ஒரே சட்டத்தில் இரண்டு படம் விழும். ஊரில் தொடங்கிய ரோல், பம்பாய் வந்து முடிந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊர்க் குளத்தங்கரை. ஆலமரத்தடியில் அவர் ஆத்தா உட்கார்ந்திருக்கிறார். அந்த மரத்தின் இருட்டுக்குள்ளே, மங்கலாக, ஆனால் ஐயமில்லாமல், கேட்வேயின் வளைவு.

"ஆத்தா பம்பாய்க்கு வந்ததே இல்ல தம்பி. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். வரல" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதப் போடுவியளா?" என்று கேட்டார்.

ஜான்சன் கத்தரியால் செய்ததை இங்கே மறதி செய்திருக்கிறது. ஆனால் இதில் பொய் இல்லை. நம்மில் யாருடைய பம்பாய்க்கு அடியிலும் ஒரு குளத்தங்கரை இருக்கத்தான் செய்கிறது. குடியிருப்போரா, வந்துபோவோரா என்று கேட்பவர்களுக்கு அந்தக் கெட்டுப்போன படத்தைக் காட்டலாம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் படங்களை எடுங்கள். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு, எடுத்தது யார் என்று கேளுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்தில் எழுதுங்கள். பால்பென் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். நெகட்டிவ் இருந்தால் எறியாதீர்கள். பெயர் தெரியாதவரைத் தெரியாதவர் என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். அந்தத் தவற்றை நான் ஒருமுறை செய்துவிட்டேன், போதும்.

நாம் எழுதாவிட்டால் ஒருநாள் வேறு யாராவது கீழே எழுதுவார்கள்.